பாறைக்கு அடியில் கேட்ட சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

லூயிஸ் ட்ரெங்கர் போர்க்களத்தில் காட்டிய வீரத்தையே பிறகு மலைச் சாகசக் கதைகளாக்கினார் என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். சிப்பாயாக இருந்தவன் எழுத வந்தால் வீரத்தைத்தான் எழுதுவான் என்று யார் சொன்னது? 1931இல் வந்த அவருடைய 'பெர்கே இன் ஃபிளாமன்' நாவலை நகர்த்துவது காத்திருப்பு.

ட்ரெங்கர் ஆல்ப்ஸ் தொடரின் டோலமைட் மலைக்காரர், மரச்சிற்பியின் மகன். 1915 மே மாதம் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதும் அந்த முகடுகளே போர்முனையாயின. அவரும் அங்கே ஆஸ்திரியப் படையில் பணியாற்றினார். முகட்டில் இருப்பவனைக் கீழிருந்து ஏறிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் மலையையே குடைந்து வெடி வைத்தார்கள்.

கோல் டி லானா மலையை எடுத்துக்கொள். இத்தாலியர் சுரங்கம் தோண்டுவது உச்சியிலிருந்த ஆஸ்திரியப் படையினருக்குக் கேட்டது. துளையிடும் சத்தம் வருகிறவரை பயமில்லை. அது நின்றால் வெடிமருந்தை அடுக்குகிறார்கள் என்று பொருள். அப்போதும் இடத்தை விட்டு இறங்க முடியாது. 1916 ஏப்ரல் 17 இரவு, சுமார் 5 டன் வெடிமருந்து அந்த உச்சியைப் பெயர்த்தெறிந்தது. ஏறக்குறைய நூறு பேர் மாண்டார்கள். இந்த மலைப்போரைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். துப்பாக்கிச் சண்டைகள் மறந்துவிட்டன; பாறையில் காதை வைத்துக் கிடந்தவர்களை மறக்க முடியவில்லை.

இனி நாவலுக்கு வா. நாயகன் மலைவழிகாட்டி ஃபுளோரியன் டிமாய். போருக்கு முன் அவனோடு மலையேறிய இத்தாலிய நண்பன் இப்போது எதிரணியில். டிமாயின் காலடியில் சுரங்கம் வளர்கிறது. எதிரி பிடித்துவைத்திருக்கும் தன் ஊருக்குள் பனிச்சறுக்கில் இறங்கி, வெடிக்கும் நேரத்தை அறிந்து திரும்புகிறான். சாகசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நீக்கிப் பார். மிஞ்சுவது வெறும் பனிச்சறுக்குப் பந்தயம்.

இன்னொன்று. 'அனுபவித்தவர் எழுதியது, ஆகவே உண்மை' என்று முடித்திருக்கிறாயே, அந்த வரியை அடித்துவிடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹிட்லரின் துணைவி எவா பிரவுனின் நாட்குறிப்பு என்று ஒரு போலி வெளியானது. அந்தப் போலியோடு தொடர்புடையவர் என்று ட்ரெங்கரின் பெயரும் அடிபட்டது. நாவலின் மதிப்பை நாவலுக்குள்ளேயே தேடு; எழுதியவரின் ராணுவச் சீருடையில் தேடாதே.

நாவல் வந்த அதே ஆண்டில் இந்தக் கதை படமாகவும் வந்தது. டிமாயாக நடித்தவர் ட்ரெங்கரே. படத்தைப் பார். வீரர்கள் சத்தத்துக்குக் காதுகொடுக்கும் காட்சிகளை மட்டும் குறித்துக்கொண்டு, கட்டுரையை முதலிலிருந்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்