சின்னக் கல்லூரி ஒத்துவருமா? அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி தேடும் வீட்டாருக்குச் சில குறிப்புகள்

1. பிள்ளையின் சுபாவத்திலிருந்து தொடங்குங்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற பேர்பெற்ற கல்லூரிகளிலேயே மொத்த மாணவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். நம் ஊர் மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் அதைவிடக் கூட்டம் அதிகம். பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காரும் வகுப்பில், படிக்காமல் போய் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது. வில்லியம்ஸில் ‘டியூட்டோரியல்’ என்று ஒரு முறை உண்டு. ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வர, மற்றவர் அதை அலசிக் குறை நிறை சொல்வார். மறுவாரம் முறை மாறும். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். கூச்சம் ஒரு தடையே இல்லை. கூச்சப்படும் பிள்ளைகள் சின்ன வகுப்பில்தான் வாய் திறக்கிறார்கள் என்பது என் கட்சி. எழுதவே பிடிக்காத பிள்ளைக்குத்தான் நான்கு வருடமும் பாரம்.

2. பளபளப்பான கையேட்டை ஒதுக்கிவிட்டு, பிள்ளை விரும்பும் துறையில் இந்தப் பருவம் உண்மையில் நடக்கும் வகுப்புகளின் பட்டியலைக் கல்லூரி இணையதளத்தில் தேடி எடுங்கள். பேராசிரியர்களை எண்ணுங்கள். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால், அவர் எடுக்கும் பாடம் அந்த வருடம் இல்லை. மேல்நிலைப் பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடப்பதும் சகஜம். கணக்கில் பள்ளியிலேயே வெகுதூரம் போய்விட்ட பிள்ளை என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் பாடம் எடுக்க வழி இருந்தால் கவலை பாதி தீரும். கலிபோர்னியாவின் கிளேர்மான்டில் பொமோனா, ஹார்வி மட் உள்ளிட்ட கல்லூரிகள் நடந்து போகும் தூரத்தில் ஒட்டியே இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மூன்றுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

3. இன்ஜினீயரிங் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஸ்வார்த்மோர், ஸ்மித், ஹார்வி மட், லஃபயெட் போன்றவை விலக்கு. மற்ற கல்லூரிகள் பலவற்றில் ‘மூன்றும் இரண்டும்’ திட்டம் என்பார்கள்: மூன்று வருடம் இங்கே, பிறகு கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம். ஐந்தாவது வருடத்துச் செலவை யார் தருவது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

4. “சயின்ஸ் படிக்க இது சரிப்படுமா?” என்று பெரியவர்கள் கேட்டால், நோபல் பெற்ற வேதியியலாளர்கள் ஜெனிஃபர் டௌட்னா பொமோனாவிலும், தாமஸ் செக் கிரின்னெலிலும் இளங்கலை படித்தவர்கள் என்று சொல்லலாம். முனைவர் பட்ட மாணவர்கள் பெரும்பாலும் இல்லாத இடம் என்பதால் ஆய்வகத்தில் கைவைக்கும் வேலை இளங்கலை மாணவர்களுக்கே வரும். போன கோடையில் அந்தத் துறையில் எத்தனை மாணவர்களுக்குச் சம்பளத்தோடு ஆய்வு வேலை கிடைத்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்.

5. பணம். பல கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் போகிறது. அந்தத் தொகையைப் பார்த்தே ஓட வேண்டாம். பார்க்காமலும் இருக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களின் பண வசதியைப் பாராமல் சேர்க்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. ஆம்ஹர்ஸ்ட்டும் போடினும் அவற்றில் சில. மற்ற இடங்களில் உதவி கேட்டாலே இடம் கிடைப்பது கடினமாகும்.

கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடினால் ஓர் ஆவணம் கிடைக்கும். எல்லாக் கல்லூரியும் வெளியிடுவதில்லை. கிடைத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். எச்-6: வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு உதவி. ஐ-3: வகுப்புகளின் உண்மையான அளவு. பி-22: முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் இரண்டாம் வருடமும் திரும்பி வந்தார்கள். எந்தத் தரவரிசைப் பட்டியலும் இந்த மூன்றுக்கு ஈடில்லை.

6. ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். உதவித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

7. கல்லூரி மூடப்படுமா என்றும் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் 2015-இல் மூடப்போவதாக அறிவித்து, பழைய மாணவிகள் போராடியதால் பிழைத்தது. மாணவர் எண்ணிக்கை வருடாவருடம் குறைகிறதா, துறைகளை மூடுகிறார்களா என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் தேடுங்கள்.

8. பொருளாதாரம் படிக்க நினைத்தால், அந்தப் பட்டத்தின் சி.ஐ.பி. எண்ணை (அமெரிக்க அரசின் பாட வகைப்பாட்டு எண்) கேளுங்கள். 45.0603 என்றால் இப்போதைய விசா விதிப்படி அது அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வரும். படிப்பு முடிந்து வேலை பழக 12 மாதத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் கேட்கலாம். ஒரே பாடம்தான், கல்லூரிக்குக் கல்லூரி எண் மாறும்.

9. ஊரைப் பாருங்கள். கிரின்னெல், அயோவாவின் சோளக்காட்டு நடுவே சுமார் 9,500 பேர் வாழும் ஊர். விமான நிலையம் போக ஒரு மணி நேரக் கார்ப் பயணம். ரீட் போர்ட்லண்டிலும், மெக்காலஸ்டர் செயின்ட் பாலிலும், நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. விடுமுறையில் விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் திறந்திருக்குமா, சைவச் சாப்பாடு சாலட்டைத் தாண்டிப் போகுமா என்றும் விசாரியுங்கள்.

10. அங்கே படிப்பவர்களிடம் பேசுங்கள். மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி: ஓபர்லின் கல்லூரியின் ஷான்சி திட்டம் பல காலமாகப் பட்டதாரிகளை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அனுப்பி வந்திருக்கிறது. யாரிடம் பேசினாலும் “பிடிச்சிருக்கா?” என்று கேட்டுப் பயனில்லை. “எடுக்க நினைத்துக் கிடைக்காமல் போன பாடம் எது? பாதியில் வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர்கள் ஏன் போனார்கள்? சனிக்கிழமை இரவு என்ன செய்வீர்கள்?” என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். அந்த அழைப்பின்போது அப்பாவும் அம்மாவும் வேறு அறையில் இருப்பது நல்லது.