இரும்புக் கப்பல் மிதப்பதும் மூழ்குவதும்

சிறிய ஆணியொன்றைத் தண்ணீரில் போட்டால் அடிக்குப் போய்விடுகிறது. பல்லாயிரம் டன் இரும்பாலான கப்பலோ மிதக்கிறது. மதரஸாப் பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்கு, "கப்பலுக்குள்ளே காற்று இருக்கிறது" என்று சொல்லி நாம் நிறுத்திவிடுகிறோம். பதில் தவறன்று, ஆனால் பாதிதான். மீதிப் பாதியை அறியாததால் உயிர்கள் போகின்றன. வெள்ளானூர், ஆவடிப் பகுதியிலுள்ள நமக்குக் கடல் சற்றுத் தொலைவுதான் என்றாலும், பழவேற்காடு நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 25-12-2011 அன்று அங்கே உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

முதலில் மிதப்பதைப் பார்ப்போம். நீரில் இறங்கும் எப்பொருளும் தான் இருக்கும் இடத்திலிருந்து நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அப்பொருளை மேலே தள்ளுகிறது. கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்ன விதி இது. ஒரு கிலோ இரும்புக் கட்டி விலக்குவது ஏறத்தாழ 130 மில்லி லிட்டர் நீரைத்தான். அது தரும் தாங்கல் 130 கிராம். எனவே கட்டி மூழ்குகிறது. அதே ஒரு கிலோ இரும்பை ஐந்து லிட்டர் கொள்ளும் தேக்சாவாக அடித்துவிட்டால், ஒரு லிட்டர் நீரை விலக்கும் மட்டும் இறங்கி நின்றுவிடும். (ஒளூச் செய்யும் ஹவுளில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், வீட்டுத் தொட்டியே போதும்.) தேக்சாவுக்குள் நீரை ஊற்றிக்கொண்டே போனால் நான்கு லிட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் விளிம்பு அமிழ்ந்து அடியில் போய்விடும். ஓட்டை விழுந்த கப்பலின் கதையும் இதுவே.

இதற்காகவே கப்பலின் வயிற்றைத் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கிறார்கள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். 28-1-2017 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசிந்து, நீரைவிட இலேசானதால் மேலே மிதந்து கரையைக் கறுப்பாக்கியது; கப்பல் எதுவும் மூழ்கவில்லை. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் 16 அறைகள் இருந்தன. முன்புறத்து நான்கு அறைகள் நிறைந்தாலும் அது மிதந்திருக்கும். அதற்கு மேலும் கிழிந்ததால், முன்பாகம் தாழ்ந்து, தடுப்புச் சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி நீர் அடுத்த அறைக்கு வழிந்தது.

ஆனால் ஓட்டையே இல்லாமலும் கப்பல் போய்விடும். அதைத்தான் பலர் அறிவதில்லை. அகன்ற சஹனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரு கைகளாலும் ஏந்தி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் இம்மியளவு தாழ்ந்தால் போதும்; தண்ணீர் முழுவதும் அப்பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். 3-2-2006 அதிகாலையில் செங்கடலில் அல்-ஸலாம் போக்காச்சியோ 98 என்ற கப்பலுக்கு நேர்ந்தது இதுவே. சவூதியின் துபா துறையிலிருந்து எகிப்தின் ஸஃபாகாவுக்குச் சென்ற அக்கப்பலில் சுமார் 1,400 பேர் இருந்தனர். பெரும்பாலோர் ஊர் திரும்பிய தொழிலாளர்கள். ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் உண்டு. வாகனங்கள் நிறுத்தும் தளத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பீய்ச்சிய நீர் வெளியேறாமல் அத்தளத்திலேயே தேங்கி ஒரு பக்கம் ஓடியது. கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நெருப்பை அணைத்த நீரே அவர்களுக்கு எமனாயிற்று!

பாரம் இருக்கும் இடம், பாரத்தின் அளவைப் போலவே முக்கியமானது. அதனால்தான் சரக்கின்றித் திரும்பும் பாய்மரக் கப்பல்களின் அடித்தட்டில் கல்லோ மணலோ நிரப்புவது வழக்கமாயிருந்தது. இக்காலக் கப்பல்கள் அதற்குப் பதிலாகத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கின்றன. 2025 மே 24-இல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டகங்களோடு 26 பாகை சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. 24 மாலுமிகளும் தப்பினர். அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கின.

தேக்கடியில் 30-9-2009 அன்று கவிழ்ந்தது இரண்டடுக்குப் படகு. காட்டு விலங்குகளைக் காண மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக நெருங்கினார்கள். 45 பேர் மாண்டனர். படகில் எழுந்து நிற்பவர் தம் உடலின் பாரத்தை உயர்த்திவிடுகிறார். ஒரு பக்கம் ஓடுபவர், நாம் மேலே சொன்ன சஹனின் தண்ணீரைப் போல் ஆகிறார். ஆகவே ஏறியது முதல் இறங்கும் வரை உட்கார்ந்தே இருங்கள். பிள்ளைகளை நடுவில் அமர்த்துங்கள். மிதவைச் சட்டையில்லாத படகில் ஏறாதீர்கள். படகுக்காரர் "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்று கூப்பிட்டால், விளிம்புக்கும் நீருக்கும் இடையே எத்தனை விரற்கடை மிச்சமிருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள்.