தசை தளர்த்தும் மாத்திரைகள்
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

குழித்தறியில் நாள் முழுவதும் குனிந்து நெய்பவருக்கும், நடவு முடித்து நிமிர்பவருக்கும் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்வது புதிதன்று. வலி பொறுக்க முடியாமற் போகும்போது வைத்தியரை நாடுகிறோம். அவர் எழுதித் தரும் சீட்டில், வலி நீக்கும் மருந்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தும் பல சமயங்களில் இடம் பெறுகிறது. அது உடலில் எங்கே வேலை செய்கிறது, அதை உண்ணும் நாட்களில் எவற்றை விலக்க வேண்டும் என்பவற்றை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம். மிஞ்சிய மாத்திரையை அடுத்த தறிக்காரருக்குக் கொடுத்துதவும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தால் செய்யப்படும் இவ்வுதவி தீங்காய் முடியக்கூடும்.

மருந்து வேலை செய்யும் இடம்

கை, கால், முதுகு இவற்றின் தசைகள் நரம்புகளின் கட்டளையினாலேயே சுருங்குகின்றன. ஓரிடம் அடிபட்டாலோ அயர்ந்தாலோ, அதனை அசையவிடாமல் காக்கும் பொருட்டு அருகிலுள்ள தசைகள் இறுகி நிற்கும். இதையே பிடிப்பு என்கிறோம்.

மாத்திரை அந்த இறுகிய தசைக்குள் நேரே சென்று முறுக்கை அவிழ்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இம்மருந்துகளிற் பெரும்பாலானவை வேலை செய்யுமிடம் மூளையும் முதுகுத்தண்டும் ஆகும். அங்கே நரம்புகளின் கிளர்ச்சியைக் குறைப்பதால் தசை தளர்கிறது. இடுப்பை மட்டும் தேர்ந்து தளர்த்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆகவே உடலின் சுறுசுறுப்பும் அறிவின் விழிப்பும் சேர்ந்தே மந்தமாகின்றன.

இவ்வுண்மை தொடக்கத்திலேயே புலப்பட்டது. பிராங்க் பெர்கர் என்னும் ஆராய்ச்சியாளர் மெபனிசின் என்ற மருந்தைப் பற்றி 1946-இல் இங்கிலாந்திலிருந்து எழுதினார். அதனைப் பெற்ற சிறு பிராணிகளின் தசைகள் தளர்ந்ததோடு, அவை அமைதியுற்றுக் கிடந்ததையும் அவர் கண்டார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, மனக்கலக்கம் தணிக்கும் மெப்ரோபமேட் 1955-இல் விற்பனைக்கு வந்தது. தசைத் தளர்ச்சியும் மயக்கமும் ஒரே வேரில் பிறந்தவை என்பது இதனால் விளங்கும்.

வழக்கிலுள்ள மூன்று மருந்துகள்

டைசானிடின்: இது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், வாயை உலர்த்தும். உண்டவர் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றி விழ நேரும். சிப்ரோபிளாக்சசின் என்னும் கிருமிகளுக்கெதிரான மருந்துடன் இதனைச் சேர்த்து உண்ணலாகாது. சேர்த்தால் இரத்தத்தில் இதன் அளவு பன்மடங்கு பெருகும்.

பாக்லோபென்: முதுகுத்தண்டுக் காயம் முதலியவற்றால் நேரும் நெடுநாள் இறுக்கத்துக்கு இது தரப்படுகிறது. தொடர்ந்து உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகலாம். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அதனை முன்கூட்டியே அவரிடம் சொல்லுதல் வேண்டும்.

தயோகால்சிகோசைடு: இது நம் விவசாய அங்கத்தினருக்கு நெருங்கிய தொடர்புடையது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளை ஆலையில் மாற்றியமைத்து இதனைச் செய்கிறார்கள். நமது மாநில மலரான செங்காந்தள் இச்செடியின் பூவே. நம் வயலில் விளைவதுதானே என்று விதையையோ கிழங்கையோ கஷாயமிட்டு உண்பது உயிருக்கே ஆபத்து. இரண்டிலும் கால்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. மாத்திரைக்கும் எல்லை உண்டு. உடலில் இது மாறும்போது தோன்றும் ஒரு பொருள், பிரியும் உயிரணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும். ஆதலால் 7 நாட்களுக்கு மேல் இதனை உண்ணலாகாது என்றும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 16 வயதுக்குட்பட்டோருக்கும் தரலாகாது என்றும் ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013-இல் அறிவுறுத்தியது.

விலக்க வேண்டியவை

1. இம்மருந்தை உண்ட மயக்கத்தோடு விசைத்தறியின் முன் நிற்பது, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பது, மரமேறுவது, கிணற்றில் இறங்குவது, வண்டி ஓட்டுவது ஆகியவை கூடா.

2. கள், சாராயம், தூக்க மாத்திரை ஆகியவற்றோடு சேரும்போது மூச்சும் மந்தமாகி உயிருக்கு ஊறு நேரலாம்.

3. பல மாத்திரைகளில் தசை தளர்த்தும் மருந்தோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அதை அறியாது தனியாகவும் பாராசிட்டமால் உண்டால் அளவு மிகுந்து ஈரல் கெடும்.

4. முதியோர் தள்ளாடி விழுந்து எலும்பு முறிய இடமுண்டு. இரவில் அவர்கள் எழும்போது வீட்டார் துணை நிற்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னே

புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். முதலில் ஒத்தடம், பிடித்துவிடுதல் போன்றவற்றை மேற்கொள்ளலாம் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. படுத்தே கிடப்பதைவிட இயன்ற அளவு நடமாடுவது நலம். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, வலியுடன் காய்ச்சல் கண்டாலோ தாமதிக்காது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நூலையும் விதையையும் பகிர்ந்துகொள்வது கூட்டுறவு. ஒருவருடைய வயது, நோய், அவர் உண்ணும் பிற மருந்துகள் ஆகியவற்றைக் கண்டு எழுதிய மாத்திரை அவருக்கே உரியது. அதனைப் பகிராதிருப்பதே அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் உதவி.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. தசை தளர்த்தும் மாத்திரை தூக்கம் தருவது ஏன்?
2. பாக்லோபெனைத் திடீரென நிறுத்தலாகாது என்பது எதனால்?
3. கண்வலிக்கிழங்கு பயிரிடுவோர் வீட்டில் விதையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?