பாவு உலரும் தெரு

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் தெருக்களில் வைகறையிலேயே பணி தொடங்கிவிடும். பாவினைத் தெரு நெடுக விரித்து, இழைகள் வலுப்பெற அரிசிக் கஞ்சி தெளிப்பர். இளவெயில் ஏற ஏற, கஞ்சியிலுள்ள நீர் கண்ணுக்குப் புலனாகாத ஆவியாகிக் காற்றில் கலக்கின்றது. மாவுப்பொருள் மட்டும் இழைமேல் படிந்துவிடுகின்றது.

சாயக் கொப்பரையில் நீர் கொதிப்பதற்கு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பாவு உலர்வதற்கோ கொதிநிலை வேண்டுவதில்லை. கொதியாத நீரின் மேற்பரப்பிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டே இருக்கும். இதனை ஆவியாதல் என்பர்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் காற்று முன்னரே நீராவி நிறைந்து நிற்கும். ஆதலால் இழையின் ஈரம் எளிதில் நீங்காது. பாவு உலராவிடில் தறிக்கு வேலை ஏது? நெசவாளருக்குக் கூலிதான் ஏது?

மழை ஓய்ந்த மார்கழியில், இரவின் குளிரால் அந்நீராவி பனித்துளியாய்ப் புல்நுனியில் திரள்கின்றது. கதிரவன் எழுந்ததும் அத்துளியும், பாவில் தெளித்த கஞ்சியின் நீரும் ஒருங்கே ஆவியாகி மறைகின்றன.