வெயில் கரண்டின் விலை

இராஜஸ்தானில் வயலுக்கு நடுவே தனித்தனியாக வீடுகள் இருக்கும். இவற்றைத் 'தாணி' என்பார்கள். அப்படி ஒரு வீடு. மின்கம்பி வரவில்லை. வெயிலுக்குக் குறைவில்லை.

"1 கிலோவாட் சோலார் போடுங்கள். தகடும் இன்வெர்ட்டரும் 50,000 ரூபாய். தினம் 4 யூனிட் வரும். 25 வருஷம் உழைக்கும். யூனிட்டுக்கு 1 ரூபாய் 37 காசுதான்!" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. "உன் வளையலை அடகு வைப்போமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இருங்க. முதலில் கணக்குப் போடுவோம்" என்றார் அந்த அம்மா. மகளின் நோட்டை எடுத்தார்.

தினமும் 4 யூனிட் வருமா? அங்கே மணல் காற்று அடிக்கும். தகட்டில் தூசி படிந்தால் கரண்ட் குறையும். மேகம் மூடினால் குறையும். தகட்டுக்கும் வயசாகும். கடைக்காரர் கணக்கில் வருஷத்துக்கு 1,460 யூனிட். அந்த அம்மா 1,300 என்று எழுதினார். 25 வருஷத்துக்கு 32,500 யூனிட்.

இனி செலவு. இன்வெர்ட்டர் 25 வருஷம் தாங்காது. நடுவில் ஒரு முறை மாற்ற 10,000 ரூபாய். துடைக்க, ரிப்பேர் பார்க்க வருஷம் 500. அது 12,500. மொத்தம் 72,500 ரூபாய். யூனிட்டுக்கு 2 ரூபாய் 23 காசு. (விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.)

"பரவாயில்லையே! 2017-இல் பட்லா சோலார் பூங்கா ஏலத்திலேயே 2 ரூபாய் 44 காசு" என்றார் கணவர்.

"பட்லா கரண்ட் பகலிலேயே கம்பியில் போய்விடும். நமக்கு விளக்கு எரிய வேண்டியது ராத்திரியில். பேட்டரி எங்கே?"

கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை! பேட்டரி 15,000 ரூபாய். சுமார் 5 வருஷம் வரும். 25 வருஷத்துக்கு 5 பேட்டரி. 75,000 ரூபாய். தகட்டைவிடப் பேட்டரிச் செலவு அதிகம். மொத்தம் 1,47,500 ரூபாய். யூனிட்டுக்கு 4 ரூபாய் 54 காசு. அடகு வட்டி தனி.

அந்த அம்மா இன்னும் ஒன்று கேட்டார். "வருகிற கரண்ட் எல்லாம் நமக்குச் செலவாகுமா?"

நாலு பல்பு, ஒரு ஃபேன். தினம் 1 யூனிட் போதும். மின்கம்பி இல்லாத வீட்டில் மீதிக் கரண்ட் வீண்தான். 25 வருஷத்தில் அவர்கள் பயன்படுத்துவது 9,125 யூனிட். அப்படிப் பார்த்தால் யூனிட் 16 ரூபாய்!

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள்.

"மூன்றில் ஒரு பங்கு தகடு போதும். அதற்கு ஏற்ற சின்ன பேட்டரி கொடுங்கள். எத்தனை வருஷம் உத்தரவாதம்? ரசீதில் எழுதுங்கள்" என்றார் அந்த அம்மா.

கடைக்காரர் எழுதினார். அந்த அம்மா வாங்கிப் படித்துப் பார்த்தார்.