ஆபரேஷன் மூன்று நாள், தங்கல் மூன்று வாரம்

அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய கிராண்ட் கேமன் தீவுக்குப் போனோம். மயாமியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான். பெங்களூரு டாக்டர் தேவி ஷெட்டியின் நாராயணா குழுமம் 2014இல் தொடங்கிய ஹெல்த் சிட்டி மருத்துவமனை அங்கே ஈஸ்ட் எண்ட் பகுதியில் இருக்கிறது.

டாக்டர், கட்டணம் என்று இரண்டு மாதம் துருவித் துருவி விசாரித்தேன். தங்கும் வீட்டை மட்டும் ஒரே ராத்திரியில், படத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். அக்கா மருத்துவமனையில் இருந்தது மூன்று நாள், அந்த வீட்டில் இருக்க வேண்டியதோ மூன்று வாரம். அதில் நான் கற்றுக்கொண்டவை இவை.

தூரம்: செவன் மைல் பீச் பக்கம் கடல் தெரியும் வீடு. தீவின் மறுகோடியில் மருத்துவமனை. பிசியோதெரபிக்குப் போகவே முக்கால் மணி நேரம். "ஆபரேஷன் வலிகூடத் தாங்கிடுவேன்டா, இந்தக் கார்ல காலை மடக்கி உட்கார முடியலை" என்று அக்கா அழுதுவிட்டாள். ஐந்தாம் நாளே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தரைத்தள வீட்டுக்கு மாறினோம்.

வீட்டுக்குள்: வாசற்படி எத்தனை, கழிப்பறைப் பீங்கான் எவ்வளவு உயரம், குளியலறையில் பிடிமானம் உண்டா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். சமையலறை அவசியம். தீவில் பெரும்பாலான உணவுப் பொருள் இறக்குமதிதான், விலை அதிகம். ரசமும் சாதமும் வீட்டில் வைத்ததால்தான் அக்காவுக்கு வாய்க்குப் பிடித்தது.

பணம்: ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர். வாடகை எந்த டாலரில் என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையின் மொத்தக் கட்டணத்தில் பிசியோதெரபி சேருமா, சிக்கல் வந்தால் கூடுதல் நாட்களுக்கு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது.

காலம்: ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. நாங்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தோம்.

திரும்பும் பயணம்: மூட்டு ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் அது கூடும். எப்போது பறக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுங்கள். ஊரில் தையலையும் காலையும் பார்க்க ஒரு டாக்டரை முன்பே சம்மதிக்க வையுங்கள். எக்ஸ்ரே படங்கள், ஆபரேஷன் குறிப்பு, பொருத்திய மூட்டின் விவரம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

புது வீட்டு வாசலில் ஒரே ஒரு படி. ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை அக்கா அதில் தினமும் பழகினாள். ஊர் திரும்பும் நாளில் விமானத்துக்குப் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. நான் கை நீட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் வைத்தாள்.