பூஜை விடுமுறையில் ஊட்டிக்கா? முதலில் மலைப்பாதையைத் திட்டமிடுங்கள்

ஆயுத பூஜையும் விஜயதசமியும் சனி, ஞாயிறோடு ஒட்டி வந்தால் நான்கு நாள் விடுமுறை கையில் விழுகிறது. ஊட்டியில் இதை இரண்டாம் சீசன் என்பார்கள். கோடை அளவுக்கு நெரிசல் இருக்காது, பசுமை கூடுதலாக இருக்கும், குளிரும் தாங்கக்கூடியது என்பதால் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். பூஜை சற்று முன்னதாக வரும் ஆண்டுகளிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை இருந்தே தீரும். ஆக, கூட்டமும் மழையும் ஒரே வாரத்தில் ஒரே சாலையில் சந்திக்கின்றன. இந்த விடுமுறைக்குப் போட வேண்டிய திட்டம் எந்தப் பூங்கா, எந்தப் படகுத்துறை என்பதல்ல. எத்தனை மணிக்கு ஏறுவது, எங்கே தங்குவது, எப்போது இறங்குவது என்பதுதான். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பார்க்கும் இடங்கள் தாமாக அமையும். இவை தவறினால் எத்தனை இடங்களைப் பட்டியலிட்டாலும் விடுமுறை வண்டிக்குள்ளேயே கழியும்.

காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் இறங்குகிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் அப்போதுதான் மிகுதியாக நனையும். அக்டோபரில் காற்றின் திசை மாறிவிடும். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவில். குன்னூரில் ஆண்டிலேயே அதிக மழை அக்டோபர், நவம்பரில்தான் பெய்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு சாலைகளும் மலை ரயில் பாதையும் அதே சரிவில்தான் அமைந்திருக்கின்றன. அங்கே அடியில் சார்னோக்கைட் பாறை, மேலே காலங்காலமாக உளுத்துப்போன தடித்த செம்மண். முந்தைய மாதங்களின் மழையைக் குடித்துவிட்ட அந்த மண்ணில், சாலைக்காக வெட்டிய இடம் பார்த்துச் சரிவு விழுகிறது. 1978, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் நீலகிரியை உலுக்கிய பெரிய நிலச்சரிவுகள் மூன்றும் நவம்பர் மாதத்தில் நடந்தவை. 1993-ல் மரப்பாலம் அருகே குன்னூர் சாலை துண்டிக்கப்பட்டது. 2009-ல் மாவட்டம் முழுவதுமாக 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான பூஜை விடுமுறைகள் எந்தச் சேதமும் இல்லாமல்தான் கழிகின்றன. ஆனால் ஒரு மரம் விழுந்தால், ஒரு லாரி அளவு மண் சரிந்தால், சாலை சில மணி நேரம் நிற்கும் என்பதை இந்தப் பருவத்தில் வழக்கமான செலவாகவே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தின் கணக்கும் இதோடு சேர்கிறது. சமவெளியிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையம் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் ஏறுகிறார்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வருகிறவர்களும், கோவையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும், திருப்பூர், ஈரோட்டுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலை 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் கல்லாறு சோதனைச் சாவடிக்கு வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு சுற்றுலாப் பேருந்து வளைவில் திரும்பினால் எதிரே வருவது நின்றாக வேண்டும். பின்னால் வரும் நாற்பது கார்களும் நிற்கும். ஏற்றத்தில் நின்று நின்று நகர்ந்தால் கிளட்ச் கருகும் நாற்றம் வண்டிக்கு வண்டி வரும். இப்படி நண்பகலில் குன்னூரைத் தாண்டி, பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் சேரிங் கிராஸ் நெரிசலில் மாட்டும்போது வானம் இருண்டிருக்கும். முதல் நாள் அதோடு முடிந்தது.

ஆகவே முதல் ஆலோசனை: காலை 6 மணியிலிருந்து 7 மணிக்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிடுங்கள். அதற்காக இரவு முழுவதும் கண்விழித்து ஓட்டி வந்து அப்படியே மலை ஏறக் கூடாது. முதல் நாள் இரவை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தூங்கிக் கழித்துவிட்டு, விடியலில் ஏறுங்கள். ஒரு இரவு வாடகை வீண் என்று தோன்றலாம். ஆனால் நெரிசலில் கரையும் அரை நாளுக்கும் நீங்கள் மலையில் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இருட்டியபின் ஏறுவதும் வேண்டாம். கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் இடையே யானைகள் சாலையைக் கடக்கும், மூடுபனியில் அடுத்த வளைவே தெரியாது. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று வைத்துக்கொள்வது நல்லது. கூட்டம் மிகுந்த நாட்களில் காவல்துறை இந்த ஒருவழி முறையைத்தான் கொண்டுவருகிறது. அதற்கேற்பத் திட்டமிட்டால் கடைசி நேரத்தில் திருப்பிவிடப்பட்டுத் திண்டாட வேண்டியதில்லை. மைசூரு, பெங்களூரு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பருவத்தில் கூடலூர் வழி ஒப்பீட்டளவில் மழை குறைந்தது. ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கு வழி என்று நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள்; அந்தச் சாலையில் ஏறிவிட்டாலும் வெளியூர் வண்டிகள் திரும்ப இறங்க அனுமதி இல்லை.

இரண்டாவது ஆலோசனை, ஊட்டி நகரத்துக்குள் அறை எடுக்காமல் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குவது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை. குளிர் சற்றுக் குறைவு, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இதமானது. உயரத்தைவிட முக்கியமானது இவை இருக்கும் இடம். குன்னூரில் தங்கினால் 1874-ல் அமைந்த சிம்ஸ் பூங்காவும், லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கோத்தகிரியில் தங்கினால் மோயாறு பள்ளத்தாக்கைக் காட்டும் கோடநாடும், பல கிராமங்களுக்குக் குடிநீர் தரும் லாங்வுட் சோலையும், ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் வாழ்ந்த கன்னேரிமுக்கு மாளிகையும் இருக்கின்றன. தொட்டபெட்டா செல்லும் பிரிவு ஊட்டி - கோத்தகிரி சாலையிலேயே வருகிறது. ஊட்டிக் கடைத்தெருவுக்குள் நுழையாமலே 2,637 மீட்டர் சிகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இந்தப் பருவத்தில் காட்சிமுனைகள் முற்பகலில்தான் தெளிவாக இருக்கும். மதியத்துக்குப் பின் பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக்கொள்ளும். எனவே வெளியே போக வேண்டியதையெல்லாம் காலையில் முடித்து, பிற்பகலை அறைக்கும் அருகிலுள்ள நடைக்கும் விட்டுவிடுங்கள்.

'அவ்வளவு தூரம் போய் ஊட்டியைப் பார்க்காமல் வருவதா? இருப்பதே மூன்று நாள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை முதல்முறை போகும் யாரும் தவறவிடக் கூடாது. அதற்கு ஒரு முற்பகல் போதும். குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர்தான். காலையில் முதல் பேருந்தையோ ரயிலையோ பிடித்துப் போய், பூங்காவைப் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு, மதியம் கூட்டம் திரளும் நேரத்தில் திரும்பிவிடலாம். ஒரே நாளில் ஏரி, தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர் என்று ஓட்டும் வாடகை வண்டிப் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் கிடைப்பது அரை மணி நேரம். மிச்சமெல்லாம் நிறுத்துமிடத்துக்கான காத்திருப்பு. சாதாரண வாரநாளில் அந்தப் பட்டியல் ஓரளவு நடக்கும். நீண்ட விடுமுறையில் நடக்காது.

'காரே வேண்டாம், மலை ரயிலில் போகிறோம்' என்பது அடுத்த யோசனை. யோசனை நல்லது, அதை மட்டுமே நம்புவதுதான் தவறு. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் ஊட்டி வரையிலும் வந்த இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் எஞ்சின் ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டுக்குள் போகும் அந்தப் பகுதிதான் அழகு. மழையில் மண்ணும் பாறையும் விழுந்து அடிக்கடி மூடப்படுவதும் அதே பகுதிதான். டிக்கெட் 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. பூஜைக்கு உடனே தீர்ந்துவிடும். கிடைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரத்தானால் பேருந்தில் ஏறும் மனநிலையோடு போங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து விடியலில் மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடுகிறது; அங்கே அரசுப் பேருந்து கிடைக்கும். கீழ்ப்பகுதி மூடியிருந்தாலும் குன்னூர் - ஊட்டி இடையேயான ரயில் பெரும்பாலும் ஓடும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மலை ரயில் ஆசை அதிலேயே தீரும்.

'இ-பாஸ் வந்துவிட்டதே, கூட்டத்தை அரசே கட்டுப்படுத்திவிடாதா?' என்றும் எண்ணலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடைக்கு ஊட்டியில் வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. அந்த எண்ணிக்கையையே பாருங்கள்: 8,000 வண்டிகள் நாள் முழுவதும் பரவி வந்தால் ஒன்று, காலை மூன்று மணி நேரத்தில் வந்தால் வேறு. பாஸ் உங்களை மலைக்குள் விடும். எந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும் என்பதை அது சொல்லாது. அதற்காகப் பாஸை அலட்சியப்படுத்தவும் கூடாது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு அது தேவையில்லை. சொந்தக் காரோ வாடகைக் காரோ என்றால் வண்டி எண்ணோடு வீட்டிலேயே பதிவு செய்து கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்; சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டிப் படிவம் நிரப்புகிறவர்களால்தான் பின்வரிசை நீள்கிறது. நெகிழித் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போய்க் குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இறங்கும் பயணம். விடுமுறையின் கடைசி மாலைதான் எல்லோரும் இறங்கும் நேரம். மழை பெய்யும் நேரமும் அதுவே. ஆறு மணியைத் தாண்டினால் இருட்டு. மறுநாள் அலுவலகம் என்ற அவசரமும் சேரும்போது, மலைச்சாலைக்குப் பழகாத கை பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்குகிறது. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். கடைசி நாள் காலை உணவு முடிந்ததும், 8 மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனையைத் தாண்டி முற்பகலில் சமவெளியைத் தொட்டுவிடலாம். இதனால் அரை நாள் போகிறதே என்றால், அந்த அரை நாளைச் சாலை எப்படியும் எடுத்துக்கொள்ளத்தான் போகிறது. வெளிச்சத்தில், வறண்ட சாலையில் அதைக் கொடுப்பது மேல்.

இவ்வளவு கவலை இருந்தால் போகாமலே இருக்கலாமே என்ற வாதத்துக்கும் ஓரளவு வலு உண்டு. நவராத்திரி முடிந்த அடுத்த வாரத்தில் இரண்டு வாரநாட்கள் விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் அதையே செய்யட்டும். அறையும் சாலையும் காலியாக இருக்கும், மழை அபாயம் மட்டும் மாறாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், மாதச் சம்பளக்காரருக்கும் விடுமுறை கிடைப்பது இந்த நான்கு நாள்தான். மலையில் விடுதியும் தேநீர்க் கடையும் நடத்துகிறவர்களுக்கும் இதுதான் பிழைப்புக் காலம். எனவே போகலாமா கூடாதா என்பதை ஆசையும் பயமும் முடிவு செய்ய வேண்டாம். வானிலை அறிவிப்பு முடிவு செய்யட்டும். சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. நீலகிரிக்கு மஞ்சள் என்றால் திட்டப்படி போங்கள், பிற்பகல் பயணத்தை மட்டும் தவிருங்கள். ஆரஞ்சு என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் அறையிலேயே இருங்கள். சிவப்பு என்றால் ரத்து செய்யுங்கள். அப்படிப்பட்ட நாட்களில் மாவட்ட நிர்வாகமே சுற்றுலா இடங்களை மூடிவிடுவதுண்டு.

அப்படி ரத்து செய்ய முடிய வேண்டுமானால் அதற்கான ஏற்பாடு இன்றே தொடங்க வேண்டும். அறை பதிவு செய்வதற்கு முன், மழை எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதியைப் பாருங்கள். முன்பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் பலரைச் சிவப்பு எச்சரிக்கையிலும் மலை ஏறவைக்கிறது. வண்டியின் பிரேக், டயர், வைப்பர், மூடுபனி விளக்கு நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும் தேதிக்கு அடுத்த நாளில் தள்ளிப்போட முடியாத வேலை எதையும் வைக்காதீர்கள். சாலை மூடினால் இன்னொரு இரவு மலையில் தங்கும் வசதி உங்களிடம் இருக்க வேண்டும்.